விசிறிச் சிப்பியை அடையாளம் காண: காதிலிருந்து தொடங்குங்கள்

போன கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி ராமேஸ்வரம் போய்விட்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சிப்பிகளோடு வந்தாள். எல்லாவற்றையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கொட்டி, “பெரியப்பா, இதில் பெட்ரோல் பங்க் சிப்பி எது?” என்று கேட்டாள். ஷெல் கம்பெனியின் மஞ்சள் சின்னத்தைத்தான் சொல்கிறாள். அது ஸ்காலப் என்னும் சிப்பியின் படம். விரித்த விசிறி மாதிரி இருப்பதால் நான் விசிறிச் சிப்பி என்று சொல்வது வழக்கம்.

அன்று அவளோடு உட்கார்ந்து பிரித்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சேலத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அதனால் என்ன? காலி ஓட்டைப் படிக்க ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

தொடங்கும்முன் ஒரு விஷயம். கரையில் ஒதுங்கிய, உள்ளே உயிர் இல்லாத ஓடுகளை மட்டும் எடுங்கள், அதுவும் நாலைந்துக்கு மேல் வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. சில சங்குகளும் சிப்பிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். கடையில் வாங்கிய ஓட்டில் இன்னொரு குறையும் உண்டு. அது எந்தக் கடலில் இருந்தது என்று உறுதியாக யாரும் சொல்ல முடியாது. இடம் தெரியாத ஓட்டுக்குச் சிற்றினப் பெயர் வைப்பது ரொம்பக் கடினம்.

மேசையில் என்னென்ன வேண்டும்

முக்கியமானது லென்ஸ். இதில் சேலத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில், பற்றவைப்பைப் பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு லூப் கிடைக்கும். அதைவிட நல்ல கருவி தேவையில்லை. அப்புறம் ஒரு வெர்னியர் காலிப்பர், பழைய டூத் பிரஷ், பென்சில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான்.

ஓட்டைச் சாதாரணத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் கூடவே கூடாது. ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும். ஆரம்பத்தில் பளபளப்பு வரட்டும் என்று நான் ஒரு நல்ல ஓட்டை அப்படித்தான் கெடுத்தேன். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மேட்டுவரிகளின் மேல் இருந்த நுண்ணிய செதில்கள் மொத்தமும் போய்விட்டன. எந்த அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்ல வேண்டுமோ அதுவே இல்லை.

முதலில், இது விசிறிச் சிப்பிதானா?

வரிவரியாக இருப்பதெல்லாம் விசிறிச் சிப்பி இல்லை. நம் கரைகளில் அதிகம் கிடைக்கும் வரிச் சிப்பி, இரத்தச் சிப்பி என்று சொல்லப்படும் அனதாரா வகை. தடித்த வெள்ளை ஓடு, ஆழமான வரிகள். எங்கள் தெருப் பெண்ணின் பாட்டிலில் பாதிக்கு மேல் அதுதான். அதைத் தள்ளிவைக்க ஒரே பார்வை போதும். ஓட்டின் கீல் பக்கத்தைப் பாருங்கள், இரண்டு ஓடுகளும் சேரும் நேர்விளிம்பு அது. இரத்தச் சிப்பிக்கு அங்கே ரம்பம் போலச் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். காது இருக்காது.

விசிறிச் சிப்பிக்குக் காது உண்டு. ஓட்டின் மூக்குப் போன்ற நுனிக்கு இருபக்கமும் முக்கோணத் தகடாக நீண்டிருப்பவைதான் காதுகள். கீலின் உட்பக்கம் நடுவில் ஒரு முக்கோணக் குழி இருக்கும். உயிரோடு இருக்கும்போது அதில் ரப்பர் போன்ற ஒரு பழுப்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். தசை ஓட்டை மூடும், இந்த ரப்பர் திறக்கும். சில காலி ஓடுகளில் அது காய்ந்து கருத்து ஒட்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். ஓட்டின் உட்புறத்தில் ஒரே ஒரு பெரிய வட்டத் தழும்பு தெரியும். அதுதான் அந்த ஒற்றைத் தசை ஒட்டியிருந்த இடம். நாம் கடித்துத் தின்னும் மட்டி வகைகளில் பெரும்பாலும் இப்படி இரண்டு தழும்புகள் இருக்கும்.

காது இருந்தும் ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று ஸ்பாண்டிலஸ், முட்சிப்பி. இதன் கீலில் இரண்டு தடித்த பற்களும் இரண்டு குழிகளும் கதவுக் கீல் மாதிரி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பாறையில் ஒட்டி வளர்வதால் ஓர் ஓடு கோணல்மாணலாக இருக்கும். இன்னொன்று லைமா, அரச் சிப்பி. வெள்ளையாக, அரம் போலச் சொரசொரப்பாக, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூடினாலும் இடைவெளி விடும்.

காதைத் திருப்பிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆரஞ்சு ஒன்று, ஊதா ஒன்று, பழுப்புத் திட்டு போட்டது ஒன்று என்று மூன்று டப்பாவில் பிரித்துவைத்தேன். பல மாதம் கழித்துத்தான் மூன்றும் ஒரே சிற்றினம் என்று புரிந்தது. விசிறிச் சிப்பிகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நிறம் எப்படி வேண்டுமானாலும் மாறும். காது அப்படி மாறாது.

ஓட்டின் வெளிப்புறம் உங்களைப் பார்க்க, கீல் மேலே இருக்குமாறு பிடியுங்கள். ஒரு காதின் அடியில் உள்வாங்கிய வெட்டுப் பள்ளம் தெரிகிறதா? தெரிந்தால் அது வலது ஓடு. பள்ளம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் சிப்பி பிடிநூல் என்னும் மெல்லிய இழைகளை விட்டுப் பாறையையோ பவளத்தையோ பற்றிக்கொள்கிறது. பள்ளம் இருக்கும் பக்கம் விலங்கின் முன்பக்கம். பள்ளம் இல்லாமல், பெரிய காது உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் அது இடது ஓடு. இரண்டு காதும் ஒரே அளவாக இருந்தால் இந்த வழி உதவாது, சிறு பள்ளமாவது உண்டா என்று லூப்பை வைத்துத் தேடத்தான் வேண்டும்.

பெரும்பாலான விசிறிச் சிப்பிகள் வலது ஓட்டைக் கீழே வைத்துக் கிடக்கும். அதனால் பஞ்சுயிரி, புழுக்கூடு, பார்னக்கிள் ஒட்டியிருப்பது அதிகமும் இடது ஓட்டில்தான். ஓட்டின் மேல் ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் போடும்முன் ஒரு படம் எடுத்துவையுங்கள். அதுவும் ஒரு தகவல்.

இப்போது அந்தப் பள்ளத்தின் விளிம்பில் லூப்பை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள். சீப்புப் பற்கள் மாதிரி மூன்று, நான்கு, ஐந்து என்று நுண்ணிய முனைகள் வரிசையாக நிற்கும். இதற்கு டெனோலியம் என்று பெயர். பிடிநூல் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் பிரித்துவைக்கும் வேலை இதற்கு. விசிறிச் சிப்பிகளின் குடும்பப் பெயர் பெக்டினிடே. லத்தீனில் பெக்டன் என்றால் சீப்பு. பெயர் வைத்தவர்கள் ஓட்டின் வரிகளைப் பார்த்துச் சீப்பு என்றார்கள். ஆனால் அசல் சீப்பு காதுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தை மற்ற குடும்பங்களிலிருந்து பிரிக்கும் முதன்மையான அடையாளம் இதுதான் என்று 1984இல் தாமஸ் வாலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரிவாகக் காட்டினார். முட்சிப்பியிலும் அரச் சிப்பியிலும் இது கிடையாது.

எங்கள் தெருப் பெண் முதல்முறை அந்தப் பற்களைப் பார்த்தபோது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் கொண்டுவந்ததிலேயே மிகச் சாதாரணமான, பாதி தேய்ந்த ஓடு அது.

சில வகைகளில் வளர வளரச் சீப்பு மூடிப் போய்விடும். முக்கியமாகப் பிடிநூலை விட்டுவிட்டு மணலில் சுதந்திரமாகக் கிடக்கும் வகைகளில். இளம் ஓட்டில் இருந்தது, முதிர்ந்த ஓட்டில் தெரியாமல் இருக்கலாம். ஆகவே சீப்பு இருந்தால் உறுதியாக பெக்டினிடே. இல்லையென்றால் உடனே தள்ளிவிடாமல் கீலையும் தழும்பையும் மறுபடி பாருங்கள்.

விசிறி வடிவத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். பெடும் என்று ஒரு வகை போரைட்டஸ் பவளத்துக்குள் புதைந்தே வாழும். அதன் ஓடு நீண்டு ஒழுங்கில்லாமல் இருக்கும். விசிறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதுவும் இதே குடும்பம்தான்.

அளப்பதும் எண்ணுவதும்

குடும்பம் உறுதியானால் நோட்டை எடுங்கள். உயரம் என்பது கீலிலிருந்து எதிர் விளிம்பு வரை. நீளம் என்பது முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, அதாவது பார்க்கும்போது அகலமாகத் தெரிவது. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மில்லிமீட்டரில் எழுதுங்கள். உயரம் அதிகமா, நீளம் அதிகமா, இரண்டும் சமமா? இரண்டு ஓடும் கிடைத்திருந்தால் எது அதிகம் உப்பியிருக்கிறது?

அடுத்து மேட்டுவரிகள். கீல் நுனியிலிருந்து விளிம்புவரை ஓடும் முதன்மையான மேடுகளை மட்டும் எண்ணுங்கள். பாதி வழியில் இடையில் முளைக்கும் மெல்லிய வரிகளைத் தனியாக எழுதுங்கள். விளிம்போரமாகப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினால் தப்பாது. மேடு உருண்டையா, சதுரமா, தட்டையா? அதன்மேல் செதில் உண்டா? இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை லூப்பில் பார்த்தால் சிலவற்றில் வலைப்பின்னல் போலவும், சிலவற்றில் சாய்ந்த கீறல்கள் போலவும் நுண்வேலைப்பாடு தெரியும். பேரினங்களைப் பிரிப்பதில் அந்த நுண்வேலைப்பாட்டுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அலையில் உருண்டு தேய்ந்த ஓட்டில் முதலில் அழிவதும் அதுதான்.

சின்ன ஓடு என்றால் சின்னச் சிற்றினம் என்று அர்த்தமில்லை. பெரிய வகையின் குட்டியாகவும் இருக்கலாம். விளிம்பை நெருங்க நெருங்க வளர்ச்சிக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, விளிம்பும் தடித்திருந்தால் அது பெரும்பாலும் வளர்ச்சி நின்ற முதிர்ந்த ஓடு. விளிம்பு காகிதம் போல மெலிந்து, கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் இன்னும் வளர வேண்டியது.

நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். அது பயன்படும் இடங்களும் உண்டு. நிலாச் சிப்பி எனப்படும் அமூசியம் வகையில் வரியே இல்லாத வழுவழுப்பான வட்ட ஓடு இருக்கும். மேல் ஓடு செம்பழுப்பு, கீழ் ஓடு வெள்ளை. உட்புறம் மட்டும் மெல்லிய வரிகள் நிற்கும். ஒரே விலங்கின் இரண்டு ஓடுகள் என்று சொன்னாலும் நம்பமாட்டீர்கள்.

ஏணியில் ஏறுவது

இனி வகைப்படுத்தல். தொகுதி மெல்லுடலிகள், வகுப்பு இரு ஓட்டுடலிகள், வரிசை பெக்டினிடா, குடும்பம் பெக்டினிடே. இதுவரை காதும் சீப்புமே உங்களைக் கொண்டுவந்துவிட்டன. அடுத்த படி பேரினம், அதற்கு அடுத்தது சிற்றினம். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் வாழும் சிற்றினங்கள் முந்நூறை ஒட்டி உள்ளன. அதனால் இந்த இரண்டு படியில்தான் வழுக்கும்.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். என்னிடம் ஓர் ஓடு இருக்கிறது, கட்டைவிரல் அளவு. நீளத்தைவிட உயரம் அதிகம். காதுகள் சின்னவை, ஏறக்குறைய சமம். மேட்டுவரிகள் என்று சொல்வதைவிட மடிப்பு என்று சொல்லலாம். சேலைக் கொசுவம் மாதிரி அகலமான சில மடிப்புகள், பத்துக்குக் குறைவு. ஒவ்வொரு மடிப்பின் மேலும் மயிரிழை போல நெடுக்கு வரிகள். இந்தக் கூட்டணி அமைந்தால் பேரினம் டெகடோபெக்டன், சிற்றினம் பிளிகா. லத்தீனில் பிளிகா என்றாலே மடிப்பு. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் சின்ன வகைகளில் புதியவர் துணிந்து பெயர் சொல்லக்கூடியது இது.

ராமேஸ்வரம் பாட்டிலில் கிடைத்த ஓடு அப்படி எளிதாக இல்லை. வலது ஓடு, உயரம் 31 மி.மீ., முன்காது பின்காதைவிட நன்றாகப் பெரியது, ஆழமான பள்ளம், நான்கு சீப்புப் பற்கள், செதிலோடு 22 மேட்டுவரிகள். மங்கிய ஆரஞ்சு. மிமாக்ளமிஸ் பேரினமாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் லேவிக்ளமிஸ் போன்ற பேரினங்களிலும் ஒரு பார்வைக்கு இதே உருவம் வரும். பிரித்துச் சொல்ல வேண்டிய நுண்வேலைப்பாடு பாதி தேய்ந்திருந்தது, இடது ஓடும் இல்லை. இந்த நிலையில் சிற்றினப் பெயர் எழுதுவது சரியில்லை. உறுதியான படியில் நின்றுகொண்டு, அதற்கு மேலே கேள்விக்குறி போடுங்கள். அருங்காட்சியக ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்துக்கும் போய்வாருங்கள். 1947இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது.

பெயரைப் படிக்கும் முறை

ஒரு பெயர் கிடைத்ததும் அதன் வாலையும் படியுங்கள். டெகடோபெக்டன் பிளிகா (லின்னேயஸ், 1758) என்று எழுதுவார்கள். 1758இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் இதை விவரித்தார் என்று பொருள். அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. அவர் வைத்த பேரினம் வேறு, பிறகு மாற்றப்பட்டது என்பதற்கு அடையாளம். லின்னேயஸ் விசிறிச் சிப்பிகளையும் உணவாகும் ஆளிச் சிப்பி (ஆய்ஸ்டர்) போன்றவற்றோடு சேர்த்து ஆஸ்ட்ரியா என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். 1776இல் முல்லர் பெக்டனைப் பிரித்தார், 1798இல் ரோடிங் க்ளமிஸைப் பிரித்தார், அப்புறம் அதுவும் பலவாகப் பிரிந்தது. அதனால் ஒரே சிப்பி பழைய புத்தகத்தில் பெக்டன் என்றும், இடைக்காலப் பட்டியலில் க்ளமிஸ் என்றும், இப்போது வேறாகவும் இருக்கும். குழம்ப வேண்டாம். இணையத்தில் உலகக் கடல் உயிரினப் பதிவேடான வோர்ம்ஸில் பழைய பெயரைத் தட்டினால் இன்று ஏற்கப்படும் பெயரைக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் வோலாக்ளமிஸ் டிராங்குபேரியா (க்மெலின், 1791). டிராங்குபார் என்பது நம் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய அதே ஊர். நம் கரையின் ஓர் ஊர்ப் பெயர் 1791இலிருந்து உலகம் முழுக்க ஒரு சின்னச் சிப்பியின் பெயராக உச்சரிக்கப்படுகிறது. தரங்கம்பாடிக்காரர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்? பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டிய செய்தி இது.

சீட்டு, டப்பா, ஏற்காட்டு ஈரம்

ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு சீட்டு. எங்கே, எந்தத் தேதி, யார் எடுத்தது, கரையில் ஒதுங்கியதா வலையில் வந்ததா. பெயர் தப்பாக இருந்தால் பிறகு திருத்தலாம். இடத்தை மறந்தால் திரும்பப் பெற முடியாது. மை பரவும், பென்சிலால் எழுதுங்கள். சீட்டு ஓட்டோடு ஒரே பைக்குள் இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் நான் பெரிய விலை கொடுத்தேன். சில வருடம் ஏற்காட்டில் குடியிருந்தபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மர அலமாரியில், பஞ்சு விரித்து, ஓடுகளை வரிசையாக அடுக்கி மூடிவைத்தேன். மழைக்காலத்தில் சேர்வராயன் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் ஓடுகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தேன், தொட்டால் பொடி. கொஞ்சம் புளித்த வாசனை. அது பூஞ்சை இல்லை. மரமும் அட்டையும் விடும் அசிட்டிக் அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து ஓட்டை மெல்ல அரித்து உப்பாக்குகிறது. பைன் நோய் என்று இதற்குப் பெயர். நூறு ஆண்டுக்கு முன் பைன் என்ற ஆங்கிலேயர் இதைக் கிருமி நோய் என்று நினைத்து எழுதியதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. உண்மையில் இது வேதிவினை. அரித்துப்போன மேற்பரப்பு திரும்ப வராது. பதினொரு ஓடுகள் போயின.

ஆகவே மர டப்பா, அட்டைப்பெட்டி, பஞ்சு மூன்றும் வேண்டாம். ஜிப் பை அல்லது பிளாஸ்டிக் டப்பா. ஓடு நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே வையுங்கள். கடல் உப்பு மிச்சம் இருந்தால் அதுவே ஈரத்தை இழுக்கும், அதனால்தான் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கச் சொன்னேன். சேலத்தின் வெயிலில் இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் வராது. மலையில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எங்கள் தெருப் பெண் அன்று எழுதிய சீட்டு இப்படி இருந்தது: “ராமேஸ்வரம், கடற்கரை, மே மாதம். வலது ஓடு. குடும்பம் பெக்டினிடே. பேரினம் மிமாக்ளமிஸ்? சிற்றினம் தெரியவில்லை. இடது ஓடு கிடைத்தால் மறுபடி பார்க்கணும்.” அடுத்த விடுமுறைக்கு லூப்பைக் கடன் கேட்டிருக்கிறாள்.